பாலும் காற்றும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு விடியுமுன்பே தொடங்கிவிடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவார்கள். வெயில் ஏறிவிட்டால் பால் குறையும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கமான அறிவு. அதன் காரணம் பட்டைக்குள் இருக்கிறது. இரவெல்லாம் வேர் உறிஞ்சிய நீர், மயிரிழையினும் மெல்லிய பால்குழாய்களை விம்மச் செய்கிறது. விடியும் வேளையில் அவற்றுக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 10 வளிமண்டலம். கார் டயரில் நாம் அடைக்கும் காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல்! கதிரவன் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் அந்த விம்மல் தளர்கிறது.

அந்தக் குழாய்களும் நேர்குத்தாக ஓடுவதில்லை; சற்றே சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. அதனால்தான் வெட்டுக்கத்தி இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும்படி கீறுகிறது. அப்படிக் கீறினால் அதிகக் குழாய்கள் திறக்கும். கத்தி சற்று ஆழமாகப் போனால் மரத்தை வளரச் செய்யும் மெல்லிய படலம் காயப்படும். ஆழம் குறைந்தால் பால் வராது. சிரட்டையில் சொட்டும் பால் சில மணி நேரத்தில் வெட்டுவாயிலேயே உறைந்து அதை அடைத்துவிடும். காயத்தை மூடவும் பட்டை தின்னும் பூச்சியின் வாயைக் கட்டவும் மரத்துக்குக் கொடுக்கப்பட்ட மருந்து அது. அதைத்தான் நாம் சக்கரமாக்கி ஓட்டுகிறோம்.

இந்த மரத்தின் தாயகம் அமேசான் காடு. 1876-இல் ஹென்றி விக்காம் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மிகச் சிலவே. அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்து, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொட தோட்டத்தில் வேர்பிடித்தது. பிறகு மலாயாவில் காடு திருத்தி நட்ட பால்மரங்களை வெட்டிய கைகளில் பெரும்பங்கு தமிழர் கைகள்.

ரப்பரின் நுண்ணிழைகள் சிக்கலான நூல்கண்டு போலச் சுருண்டு கிடப்பவை. இழுத்தால் நேராகும், விட்டால் பழைய சிக்கலுக்கே ஓடும். ஒரு ரப்பர் பேண்டை வெடுக்கென்று இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பு தெரியும். பார்வையற்ற அறிஞரான ஜான் கஃப் 1805-இல் எழுதிவைத்த சோதனை இது. இதைவிடப் பெரிய வியப்பு ஒன்று உண்டு. இயற்கை ரப்பர் கிழியத் தொடங்கும் இடத்தில்தான் இழைகள் மிக அதிகமாக இழுபடும். அங்கே அவை வரிசையாகச் சேர்ந்து படிகமாக இறுகி, கிழிசலை மேலே போகவிடாமல் தடுக்கும். இழுவை நீங்கினால் படிகமும் கரைந்துவிடும். ஆலைகளில் செயற்கை ரப்பர் எவ்வளவோ வந்தும், தரையைத் தொடும் விமானத்தின் டயரும் பாரம் சுமக்கும் லாரியின் டயரும் இன்றும் மரத்தின் பாலையே பெரிதும் நம்பியிருக்க இது ஒரு முக்கியக் காரணம்.

வெயிலில் பிசுபிசுத்து, குளிரில் நொறுங்கிய அந்தப் பாலைக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி நிலைப்படுத்தும் வழியை 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டார். அந்த ரப்பருக்குள் காற்றை அடைத்து ஓட்டும் பயன்பாட்டை 1888-இல் பெல்ஃபாஸ்டில் ஜான் டன்லப் பரப்பினார். உண்மையில் வண்டியைத் தாங்குவது காற்றுதான். நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் வேகத்தில் பறக்கும் காற்றின் மூலக்கூறுகள் உள்சுவரில் ஓயாமல் மோதுகின்றன. 1,200 கிலோ காரில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் 300 கிலோ பாரம், 33 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 130 சதுர சென்டிமீட்டர், ஓர் உள்ளங்கை அளவு. பிரேக்கும் திருப்பமும் மழைநாளின் பிடிமானமும் இந்த நான்கு உள்ளங்கைகளில் அடங்கியிருக்கின்றன.

காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் தொய்யும். ஸ்டியரிங்கைத் திருப்பியபின் வண்டி ஒரு கணம் யோசித்துத் திரும்பும். ஒவ்வொரு சுற்றிலும் டயர் அமுங்கி நிமிர்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஐந்நூறு சுற்றுக்கு மேல். அமுக்கிய சக்தி முழுதும் திரும்பி வராது, ஒரு பங்கு வெப்பமாகிப் போகும். தொய்வு கூடக்கூட அந்த இழப்பும் கூடும். நான்கு டயரிலும் 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் எரிபொருள் சிக்கனம் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. மைலேஜுக்கு ஆசைப்பட்டு அளவுக்கு மேல் அடித்தாலோ தரையைத் தொடும் பரப்பு சுருங்கும், பிடி தளரும், நடுப்பட்டை மட்டும் தேயும்.

புது டயர் மாட்டியதும் மைலேஜ் விழுந்துவிட்டதாகப் பலர் வருந்துவார்கள். அதில் பாதி உண்மை. புது டயரில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் ரப்பர் கட்டைகள் ஒவ்வொரு சுற்றிலும் நெளிந்து சக்தியைத் தின்கின்றன. தேய்ந்த டயர் எளிதாக உருளும். மீதி, கணக்கில் வரும் மயக்கம். புது டயரின் சுற்றளவு சுமார் இரண்டு சதவீதம் பெரிது; அதே தூரத்துக்கு மீட்டர் குறைவாகக் காட்டும். ஆனால் மழைத்தண்ணீரை வாரி வெளியேற்றுவது அந்தக் கட்டைகளுக்கு இடையே உள்ள ஆழமான வரிப்பள்ளம்தான். அது 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் டயரை மாற்றிவிட வேண்டும்.

பால்வெட்டுக்கு உரிய குளிர்ந்த பொழுதுதான் டயரின் காற்றைப் பார்க்கவும் உரிய பொழுது. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறியிருக்கும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் ஆறியபின் குறைந்துபோகும். மரத்துக்கு ஒவ்வோர் இரவும் வேர் நீர் நிரப்பி அளவைத் திருப்பித் தருகிறது. டயருக்கு வேர் இல்லை. நல்ல டயரிலும் மாதத்துக்குச் சுமார் 1 பி.எஸ்.ஐ. கசிந்துவிடும். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து மாதம் ஒருமுறை நிரப்புவது நம் பங்கு. படைத்தவன் பாலையும் காற்றையும் கொடுத்துவிட்டு நம்மிடம் விட்டுவைத்தது இந்த ஐந்து நிமிட வேலையைத்தான். ஸ்டெப்னியைப் பார்க்கவும் அதிலேயே நேரம் இருக்கிறது.