நண்பகல் வீதியும் நள்ளிரவுப் படமும்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் சாலைக் கடைவீதியில் ஆரியசாலை என்னும் பகுதி உள்ளது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசர் நிறுவிய அங்காடியின் ஒரு கூறு இது. தமிழ் வணிகர்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் இடமுமாகும். இவ்வீதியை நண்பகலில் எடுத்த புகைப்படம் ஒன்று நம்மிடம் உள்ளதெனக் கொள்வோம். கணிப்பொறியின் துணைகொண்டு அதனை இரவுக் காட்சியாக மாற்ற இயலுமா? இயலும். ஆனால், படத்தின் ஒளியைக் குறைத்துவிட்டாலே இரவு வந்துவிடும் என்று எண்ணுவோர் ஏமாற்றமடைவர்.

இம்முயற்சி புதியதன்று. திரைப்படக் கலைஞர்கள் பகல் வெயிலிலேயே இரவுக் காட்சிகளைப் படம்பிடித்து வந்தனர். கறுப்பு வெள்ளைப் படச்சுருளின் காலத்தில் சிவப்புக் கண்ணாடி வடிகட்டியைப் பொருத்தினால் நீலவானம் கருமையாகப் பதியும். அதனுடன் ஒளியையும் குறைத்துக்கொண்டால் நிலவொளி போன்ற தோற்றம் கிடைக்கும். பிரெஞ்சு நாட்டார் இதனை ‘அமெரிக்க இரவு’ என்றனர். அப்பெயரையே தலைப்பாகக் கொண்டு 1973-இல் பிரான்சுவா த்ரூஃபோ ஒரு திரைப்படம் எடுத்தார்.

உச்சிவெயில் தரையில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஒளியைச் சொரிகின்றது. முழுநிலவு தருவதோ கால் லக்ஸ் அளவே. இடையிலுள்ள வேறுபாடு சுமார் 4 லட்சம் மடங்கு. எனினும் அளவைக் காட்டிலும் முக்கியமானது ஒளி புறப்படும் இடம். பகலில் வீதி பிரகாசமாகவும் கடையின் உட்புறம் இருண்டும் காணப்படும். இரவில் இந்நிலை தலைகீழாகிறது: கடையின் வாயில் ஒளிர்கின்றது, வீதி இருள்கின்றது. பகற்படத்தை எவ்வளவு மங்கச் செய்தாலும் கடைவாயில் கரிய குழியாகவே எஞ்சும். காண்போரின் கண் உடனே ஐயுறும். ஆகவே, ஒளியைக் குறைப்பது பாதிப் பணி. இருளாயிருந்த இடங்களுக்கு ஒளியூட்டுவது மறுபாதி.

இனி நிறத்தைக் காண்போம். நம் விழித்திரையில் கூம்பு வடிவ உயிரணுக்களும் கோல் வடிவ உயிரணுக்களும் உள்ளன. முன்னவை பகலொளியில் நிறங்களைப் பிரித்தறிவன. 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பசுமஞ்சள் ஒளியில் இவற்றின் கூட்டு உணர்திறன் உச்சமடையும். மங்கிய ஒளியில் தொழிற்படும் பின்னவை நிறத்தை அறியா. அவற்றின் உச்சம் 507 நானோமீட்டரில், அதாவது நீலப் பசுமைப் பகுதியில், அமைந்துள்ளது. அந்தி மயங்குங்கால் செந்நிறப் பொருள்கள் முதலில் கறுத்துப்போவதையும், நீலநிறப் பொருள்கள் அவற்றினும் பிரகாசமாய்த் தோன்றுவதையும் பொஹீமிய நாட்டு உடலியல் அறிஞர் புர்க்கின்யே 1825-இல் வெளியிட்ட நூலில் விவரித்தார். கடை முகப்பில் வற்றல் மிளகாய் மூட்டையும் வாழையிலைக் கட்டும் அருகருகே இருப்பின், நண்பகலில் மிளகாயே கண்ணைக் கவரும். நிலவில் அது கருந்திட்டாக, இலை சாம்பல் நிறமாகத் தெரியும். நிலவொளி உண்மையில் நீலமானதன்று என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அது ஞாயிற்றின் ஒளியைவிடச் சற்றே செம்மை சார்ந்தது. நீலம் நம் கண்ணின் வேலை. (சர் சி. வி. ராமனும் தம் இறுதி ஆண்டுகளில் பார்வை பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டு, 1968-இல் அதுகுறித்துத் தனி நூலொன்று வெளியிட்டார்.)

கேரளப் பள்ளிகளின் கணினிப் பாடத்தில் இடம்பெற்றுள்ள ‘கிம்ப்’ போன்ற இலவச மென்பொருளே இப்பணிக்குப் போதும். முதலில் படத்தை இரண்டு அடுக்குகளாக நகலெடுத்து, கீழடுக்கை அவ்வாறே விட்டு மேலடுக்கை மட்டும் இருளாக்குக. சிவப்பை மிகுதியாகவும் நீலத்தைக் குறைவாகவும் தணித்து, நிறச்செறிவையும் குறைத்தல் வேண்டும். இங்கு ஒரு கணக்கை நினைவிற்கொள்க. கணிப்பொறிப் படத்தில் ஒளியின் அளவு 0 முதல் 255 வரை எண்களாகக் குறிக்கப்படுகிறது. ஆயின் 128 என்பது 255-இன் பாதி ஒளியன்று. வழக்கமான முறையில் அது ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்றே மிகுதி. பின்னர், விளக்கு எரியவேண்டிய இடங்களில் மட்டும் மேலடுக்கை மறைத்தால் கீழிருக்கும் மிளகாயின் செந்நிறம் மீண்டும் தோன்றும். அதன்மேல் சிறிது மஞ்சள் சாயல் ஏற்றலாம். விளக்கொளி தூரத்தின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். 2 மீட்டரில் உள்ள ஒளி 4 மீட்டரில் நான்கில் ஒரு பங்கே. இவ்விதியை மதியாது எங்கும் சமமாகத் தீட்டிய ஒளி, காகிதத்தில் ஒட்டியது போலவே தோன்றும்.

நிழல்களே பெருந்தொல்லை. கதிரவனின் நிழல்கள் யாவும் ஒரே திசையில் விழும். தெருவிளக்கின் நிழல்களோ விளக்கைச் சுற்றி நாற்புறமும் விரியும். வெயில் நிழலை அழிப்பது எளிதன்று. மழைக்கால மேகமூட்டத்தில் எடுத்த படமே தகுந்தது. வானில் நிலவை வைக்க விரும்புவோர் அளவை மறத்தலாகாது: முழுநிலவின் தோற்றம் அரைப் பாகை, அதாவது 25 மில்லிமீட்டர் நாணயத்தை ஏறக்குறைய 2.9 மீட்டருக்கு அப்பால் வைத்துக் காண்பது போன்றது. விளக்கொளி மிக்க கடைவீதிக்கு மேலே விண்மீன்களை வாரி இறைப்பதும் பொருந்தாது.

இது பொழுதுபோக்காய் இருக்குமளவும் தீங்கில்லை. ஆனால், ‘இரவில் இவ்வீதி இவ்வளவு இருட்டாயிருக்கிறது’ என்று நகராட்சிக்கு விண்ணப்பிப்பவரும், விபத்து வழக்கில் ‘விளக்கு எரிந்துகொண்டிருந்தது’ என வாதிப்பவரும் புகைப்படத்தையே காட்டுகின்றனர். திருத்தப்படாத படமும் இங்குச் சான்றாகப் போதாது. கைப்பேசியின் இரவுமுறை பல பதிவுகளை ஒன்றாய்ச் சேர்த்து இருண்ட தெருவையும் வெளிச்சமாகக் காட்டக்கூடும். வீதியின் ஒளியை அறிய லக்ஸ்மானியைத் தரைமட்டத்தில் வைத்து அளத்தலே முறை. படத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதாயின், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவு சான்றிதழைக் கோருகிறது. அதில் கோப்பின் ‘ஹாஷ்’ என்னும் அடையாள எண்ணையும் குறிப்பிடவேண்டும். கோப்பில் ஒரேயொரு புள்ளியின் நிறத்தை மாற்றினும் அவ்வெண் முற்றிலும் வேறாகிவிடும். எனவே மூலப்படத்தைத் தனியே பாதுகாத்து, மாற்றிய படத்தின் அடியில் ‘பகலில் எடுத்து இரவாக்கியது’ என எழுதிவைத்தல் நன்று.