பழைய கேமுக்குப் புது மவுஸைப் பழக்குவது எப்படி?

"அண்ணே, ரிச்சி ஸ்ட்ரீட்ல புது கேமிங் மவுஸ் வாங்கினேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 போட்டா மேப் பிச்சிக்கிட்டு ஓடுது. மவுஸ் ஃபால்ட்டா?" கொருக்குப்பேட்டையில் கேட் போட்டிருந்த நேரம், டீக்கடையில் ஒரு தம்பி கேட்டான். கூட்ஸ் வண்டி போய் முடிவதற்குள் அவனுக்குச் சொன்னதுதான் இது.

மவுஸ் நன்றாகத்தான் இருக்கிறது, கணக்குதான் மாறிவிட்டது. மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் அம்பை எத்தனை புள்ளி நகர்த்தும் என்பதே டி.பி.ஐ. அந்த கேம் வந்த 1999-இல் 400 டி.பி.ஐ. மவுஸ்தான் சாதாரணம், கேமின் திரை 800 புள்ளி அகலம். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு அம்பு போக, கை 2 அங்குலம் நகர வேண்டும். இன்றைய மவுஸ் 1600-இல் இருந்தால் அரை அங்குலம் போதும். அம்பு ஓரத்தைத் தொட்டாலே மேப் நகரும்படிதான் அந்த கேமைச் செய்திருக்கிறார்கள். பிறகு மேப் ஓடாமல் என்ன செய்யும்?

அதனால் முதல் வேலை, மவுஸோடு வரும் சாஃப்ட்வேரில் டி.பி.ஐ.யை 400-க்கோ 800-க்கோ இறக்குவது. அடுத்து, விண்டோஸ் மவுஸ் செட்டிங்கில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருந்தால், கை அதே தூரம் போனாலும், வேகமாக இழுக்கும்போது அம்பு கூடுதலாக ஓடும். கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6-இல் குறி பழகுபவருக்குத் தூரம் கையில் படியவே படியாது.

மூன்றாவது, போலிங் ரேட். 1000 என்றால் மவுஸ் ஒவ்வொரு மில்லி செகண்டும் கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்கிறது. பழைய கேம்களில் சில அதைத் தாங்காமல் திக்கும். 125-க்கு இறக்கினால் 8 மில்லி செகண்டுக்கு ஒன்றுதான், ஆட்டம் சீராகிவிடும்.

1993-இல் வந்த டூமில் வேறொரு சங்கதி. மவுஸை முன்னால் தள்ளினால் பார்வை மேலே போகாது. ஆளே முன்னால் நடப்பான். குறி வைக்கும்போது கை லேசாக அசைந்தாலும் எதிரி மடியில் போய் விழுவோம். டூமை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் சாக்லேட் டூம் என்ற சாஃப்ட்வேரில் இந்த மேல்கீழ் அசைவை நிறுத்த செட்டிங் இருக்கிறது.

பக்கவாட்டுப் பட்டன்களையும் சும்மா விடாதீர்கள். பழைய கேமுக்கு அவை தெரியாவிட்டாலும் கீபோர்டு தெரியும்; மவுஸ் சாஃப்ட்வேரில் அந்தப் பட்டன்களுக்குக் கீபோர்டு எழுத்தைக் கொடுத்துவிடலாம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் 'எச்' அழுத்தினால் டவுன் சென்டர்; புள்ளியை அழுத்தினால் வேலையில்லாமல் நிற்கும் கிராமத்தான். இரண்டையும் கட்டைவிரலுக்குக் கீழே வைத்துப் பாருங்கள், ஆட்டமே மாறும். மவுஸில் மெமரி இருந்தால் டி.பி.ஐ., போலிங் ரேட், பட்டன் மூன்றையும் அதிலேயே சேமிக்கலாம்; நண்பன் வீட்டு கம்ப்யூட்டரிலும் அதே செட்டிங் வரும்.

நம் வடசென்னையில் கேரம் ஆடுபவர் சொந்த ஸ்ட்ரைக்கரைப் பையில் எடுத்துப் போவார். எடை 15 கிராமைத் தாண்டக் கூடாது என்பதுதான் விதி. அதற்குள் தன் விரலுக்கு எது ஒத்துவருகிறதோ அதை வைத்துக்கொள்வார், அடிக்கடி மாற்ற மாட்டார். மவுஸுக்கும் அதுதான். ஓர் எண்ணைப் பிடித்தால் விடாமல் அதிலேயே ஆடுங்கள்.

டி.பி.ஐ. மாற்ற முடியாத சாதா மவுஸ்தான் இருக்கிறதா? கவலை வேண்டாம். விண்டோஸ் வேகக் கோட்டை 6-ஆம் படியிலிருந்து 4-க்கு இறக்குங்கள். அம்பின் வேகம் சரிபாதியாகும். இதற்குக் காசு செலவில்லை.