கோழியின் குடலும் மூலிகைச் சாரமும்

கோழித் தீவனம் வாங்கும் அங்கத்தினர்களிடம் மூட்டையுடன் ஒரு புட்டியோ பொட்டலமோ சேர்த்து விற்கப்படுவதுண்டு. பூண்டு, மஞ்சள், ஓமம், இலவங்கப்பட்டை முதலியவற்றின் சாரம் அதில் அடங்கியுள்ளதென்றும், தீவனத்தில் கலந்தால் குடல் சுத்தமாகி எடையும் முட்டையும் பெருகுமென்றும் அதன்மேல் அச்சிட்டிருக்கும். இக்கூற்றில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு. இரண்டையும் பிரித்தறியாமல் பணங் கொடுப்பது சங்கத்துக்கு நஷ்டமாகும்.

கோழிக்குப் பல் கிடையாது. கொத்திய தானியம் கழுத்தடியிலுள்ள பையில் ஊறி, அடுத்துள்ள கெட்டியான தசைப்பையில் சிறு கற்களின் உதவியால் அரைபட்டுச் சிறுகுடலை அடைகிறது. அக்குடலின் உட்புறத்தில் நுண்ணிய விரல்களைப் போன்ற முளைகள் நெருக்கமாக எழும்பி நிற்கின்றன. ஜீரணமான சத்து இம்முளைகளின் வழியாகவே இரத்தத்தில் சேருகிறது. கெட்ட கிருமிகள் பெருகினால் முளைகள் தேய்ந்து குட்டையாகிவிடும். அப்பால் தின்ற தீவனத்தில் ஒரு பங்கு எச்சத்தோடு வெளியே போகும். கோழி வளர்ப்பில் செலவாகும் நூறு ரூபாயில் அறுபத்தைந்து, எழுபது ரூபாய் தீவனத்துக்கே போவதால், குடல் கெட்டால் கணக்கும் கெடும்.

மேல்நாட்டுப் பண்ணைகள் இதற்கு வேறொரு வழியைக் கைக்கொண்டிருந்தன. ஆரியோமைசின் என்னும் மருந்து தயாரித்தபின் மிஞ்சும் சக்கையைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தால் வளர்ச்சி மிகுகிறதென்று அமெரிக்காவில் ஸ்டோக்ஸ்டாட், ஜூக்ஸ் என்னும் இரு விஞ்ஞானிகள் 1950-ஆம் வருஷத்தை ஒட்டி வெளியிட்டனர். அதுமுதல் நோயில்லாத கோழிக்கும் தினந்தோறும் சிறிதளவு மருந்து கொடுக்கும் வழக்கம் பரவிற்று. நாளடைவில் கிருமிகள் மருந்துக்குப் பழகி அடங்க மறுத்தன. அதே வகை மருந்துகள் மனிதருக்கும் பலிக்காமற் போகும் அபாயம் தோன்றியது. ஸ்வீடன் தேசம் 1986-லும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி முதலும், வளர்ச்சிக்காக இத்தகைய மருந்துகளைத் தீவனத்திற் சேர்ப்பதை நிறுத்தின. இந்தியாவில் கொலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்கான பிராணிகளுக்கும் கோழிகளுக்கும் கொடுப்பது 2019-இல் தடுக்கப்பட்டது. மூலிகைச் சாரங்களுக்குக் கிராக்கி ஏற்பட்டதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

அவை வேலை செய்யும் விதம் மந்திரமன்று. ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமால் என்னும் பொருள் கிருமியின் மேற்தோலைச் சிதைக்கவல்லது. பூண்டின் காரச்சத்து பல்லை நசுக்கினால்தான் உண்டாகிறது. முழுப்பல்லைக் கூட்டில் எறிவதனால் அப்பலன் இராது. மிளகாய்ச் சாரமும் சில கலவைகளிற் சேருகிறது. பறவைகளுக்கு மிளகாயின் உறைப்பு தெரிவதில்லை. கிளி பழுத்த மிளகாயைக் கொத்தித் தின்பதைக் காணாதவர் யார்?

ஆயினும் பலன் எங்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. நல்ல தீவனமும் சுத்தமான இடமும் உள்ள கோழிகளிடம் வித்தியாசம் அநேகமாகத் தென்படாது. செடி வளர்ந்த மண், பறித்த பருவம், வைத்திருந்த காலம் இவற்றால் சாரத்தின் வீரியமும் மாறும்.

இனி, உயிர்ச்சேதத்தைத் தடுக்கும் விஷயம். வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெத் வியாதி மிக நுண்ணிய வைரஸ் கிருமியால் வருவது. கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள் ஆகியவற்றை அரைத்துத் தவிட்டில் பிசைந்து கொடுக்கும் கைவைத்தியம் பல வீடுகளில் உண்டு. அதை ஏளனம் செய்வதற்கில்லை. ஆனால் அதை நம்பித் தடுப்பு மருந்தைக் கைவிடுபவர் ஒரே வாரத்தில் கூடு முழுவதையும் இழக்க நேரிடும். பொரித்த ஏழாம் நாள் அளவில் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியும், கால்நடை வைத்தியர் குறிக்கும் மற்றத் தவணைகளும் தவறலாகாது. இரத்தக் கழிச்சலோ ஈரமான கூளத்தில் முதிரும் விதைகளால் பரவுவது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நனைந்த கூளத்தை அன்றன்று கிளறி உலர்த்துவதும், கட்டியானதை அகற்றுவதும் எந்தப் புட்டியைக் காட்டிலும் மலிவானவை.

சாரத்தை வாங்கத்தான் வேண்டுமா என்பதைச் சங்கம் கணக்குப் பார்த்தே தீர்மானிக்கலாம். முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தின்னும். நூறு கோழிகளுக்கு நாளைக்கு 11 கிலோ; மாதத்துக்கு 330 கிலோ. சாரத்தினால் நூற்றுக்கு இரண்டு பங்கு மிச்சமாகுமென்றே கொண்டாலும் மிச்சம் 6½ கிலோவுக்குச் சற்று மேல். அம்மாதச் சாரத்தின் விலை அத்தனை தீவனத்தின் விலைக்கு மேற்பட்டால், முட்டை அதிகப்பட்டாலொழிய லாபமில்லை. ஆகவே ஒரே வயதும் ஒரே இனமுமான கோழிகளை இரு பங்காக்கி, ஒரு பங்குக்கு மட்டும் சாரம் கலந்து, இரண்டு மாதம் தின்ற தீவனத்தையும் முட்டையையும் இறப்பையும் தனித்தனியே புத்தகத்தில் எழுதிவருவது நலம். மஞ்சட்கரு சிவந்ததை அத்தாட்சியாகக் கொள்ளலாகாது. துலுக்கச் செவ்வந்திச் சாரமும் மிளகாயும் கருவுக்கு நிறத்தைத் தரும், அது குடல் நலத்தின் அடையாளமன்று.

சோதனையில் லாபம் தெரிந்தால், இரண்டொரு மாதத் தேவைக்கு மட்டும் வாங்குவதே போதும். இவற்றின் மணமுள்ள எண்ணெய் காற்றுப் பட்டால் பறந்துபோகும். பொட்டலத்தைப் பிரித்தபின் வாயை இறுகக் கட்டி, வெயில் படாத இடத்தில் வைக்கவேண்டும்.