மரபணுவுக்கு ஒரு பரிசல்

ஒகேனக்கல்லில் காவிரியைக் கடக்கப் பரிசல் வேண்டும். நோய் தீர்க்கும் மரபணு உயிரணுவுக்குள் செல்லவும் ஓர் ஊர்தி வேண்டும். தனியே செலுத்தினால் குருதியிலுள்ள நொதிகள் அதைச் சிதைத்துவிடும்.

இன்று பெரும்பாலும் தீங்கு செய்யாதவாறு மாற்றப்பட்ட வைரசே அவ்வூர்தியாகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், ஹீமோபிலியா ‘ஏ’ நோயாளிகள் ஐவரின் குருதித் தண்டணுக்களில் இம்முறையில் மரபணு சேர்க்கப்பட்டு, அவர்களுக்கே திரும்பச் செலுத்தப்பட்டது. நல்ல பலன் கிடைத்ததாக 2024 டிசம்பரில் முடிவுகள் வெளியாயின.

எனினும், சிலருடைய உடலின் எதிர்ப்பாற்றல் வைரசை எதிர்க்கக்கூடும். ஆதலால் இயற்கைப் பலபடிகள் ஆராயப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படும் கைட்டோசான். இதன் நேர்மின்னூட்டம் மரபணுவின் எதிர்மின்னூட்டத்தை ஈர்த்து, இரண்டும் நுண்துகளாகத் திரள்கின்றன. அத்துகளை உயிரணு விழுங்கிக்கொள்கிறது. ஆயினும் உட்கருவைச் சென்றடையும் மரபணு குறைவு என்பதே இதன் குறை.

1999இல் எலிகளுக்கு இத்துகள்களை வாய்வழியே கொடுத்து, நிலக்கடலை ஒவ்வாமை தணிக்கப்பட்டது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கான இவ்வகை மருந்தொன்று வெளிநாட்டில் மனிதர்களிடம் ஆராயப்படுகிறது.

கடைகளில் விற்கும் கைட்டோசான் மாத்திரைகள் மரபணு சிகிச்சை ஆகா. எவரேனும் இச்சிகிச்சை தருவதாகக் கூறினால், அவ்வாய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உள்ளதா என வினவுங்கள். ஆய்வு மருந்துக்குப் பணம் கேட்பது முறையன்று. மருத்துவரைக் கலக்காமல் தற்போதைய சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.