வீட்டை மாற்றிப் போடுவோம் – 7: முதலில் சுவிட்ச் போர்டைப் பாருங்கள்

எந்தெந்தச் சாமான்களை வீட்டைவிட்டு அனுப்பலாம் என்று சென்ற வாரம் பார்த்தோம். மிச்சமிருப்பவற்றை இடம் மாற்றும் வேலை இந்த வாரம்.

பல வீடுகளில் இந்த வேலை சோபாவில்தான் தொடங்குகிறது. சோபா ஜன்னலோரம், எதிரே டிவி, மிஞ்சிய மூலையில் ஃபிரிட்ஜ் என்று முடிவாகிறது. எல்லாவற்றையும் நகர்த்தி முடித்த பிறகுதான், ஃபிரிட்ஜ் போன மூலையில் பிளக் பாயின்ட் இல்லை என்பது தெரிகிறது. உடனே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வருகிறது. நாளடைவில் அதிலேயே மிக்ஸியும் அயர்ன் பாக்ஸும் சேர்கின்றன. ஆபத்தும் அங்கேதான் சேர்கிறது.

எனவே ஒரு தாளில் அறையை வரைந்து, முதலில் பிளக் பாயின்ட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எது 6 ஆம்பியர், எது 16 ஆம்பியர் என்றும் எழுதுங்கள். சாமான்களை எங்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம்; சுவருக்குள் போன ஒயரை அப்படி நகர்த்த முடியாது.

கணக்கு எளிது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 6 ஆம்பியர் பாயின்ட் தாங்குவது 1,380 வாட். 16 ஆம்பியர் பாயின்ட் தாங்குவது 3,680 வாட். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். அதைக் கன்வர்ஷன் பிளக் போட்டுச் சின்னப் பாயின்ட்டில் சொருகினால் பிளக் சூடேறும், பிளாஸ்டிக் உருகும். அடுப்பு, ஹீட்டர், ஏசி ஆகியவற்றின் இடத்தை 16 ஆம்பியர் பாயின்ட்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஃபிரிட்ஜ் அவ்வளவு மின்சாரம் இழுக்காது. ஆனால் உள்ளிருக்கும் சூட்டை அது வெளியே தள்ளியாக வேண்டும். சுவரோடு ஒட்டி வைத்தாலும், கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாலும் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும், மின்கட்டணம் ஏறும். நகர்த்தும்போது காலி செய்து, நிமிர்ந்த நிலையிலேயே கொண்டுபோங்கள். படுக்க வைத்திருந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் போயிருக்கும். நிமிர்த்திச் சில மணி நேரம் விட்டபிறகே சுவிட்சைப் போடுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரியை யார் கண்ணிலும் படாத மூலையில் வைக்கத் தோன்றும். தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். மூடிய அலமாரிக்குள்ளும் வேண்டாம், விளக்கு எரியும் பூஜை அறைப் பக்கமும் வேண்டாம். காற்றோட்டமான இடமே அதற்கு ஏற்றது.

வைஃபை ரூட்டர் பெரும்பாலும் கேபிள் நுழைந்த மூலையிலேயே, டிவிக்குப் பின்னால் கிடக்கிறது. இரும்பு பீரோவும் மீன்தொட்டியும் சிக்னலை மறிக்கும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தடுமாறும். கேபிளை நீட்டச் சொல்லி, வீட்டின் நடுவே உயரமான இடத்தில் ரூட்டரை மாட்டுங்கள்.

குழந்தை இருக்கும் வீட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். இழுப்பறைகளைத் திறந்து படிபோல ஏறும்போது அலமாரி குழந்தையின் மேலேயே சரியும். இப்படிக் குழந்தைகள் இறந்ததால்தான் 2016இல் ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் 2.9 கோடி அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அலமாரியை இடம் மாற்றிய அன்றே எல் ஆங்கிள் வைத்துச் சுவரோடு திருகிவிடுங்கள். டிவியையும் ஸ்டூல் மேல் நிறுத்தாமல் சுவரில் மாட்டுங்கள்.

பீரோவை நகர்த்துவது கடைசி வேலை. துணிமணியை எடுத்துவிட்டு, கால்களுக்கடியில் சாக்கு விரித்து, இரண்டு பேராக மெதுவாக இழுங்கள். தரையில் கீறல் விழாது, இடுப்பும் பிடிக்காது.

நினைத்த இடத்தில் பாயின்ட் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து, எர்த்தோடு புதிய பாயின்ட் போடச் சொல்லுங்கள். அந்த வேலை முடியும்வரை ஃபிரிட்ஜ் பழைய இடத்திலேயே இருக்கட்டும். அழகுக்காக நாம் செய்யும் எந்த மாற்றமும் வீட்டிலிருப்பவர்களின் உயிரைப் பணயம் வைப்பதாக இருக்கக் கூடாது.

அடுத்த வாரம்: சின்னச் சமையலறையில் இடம் கண்டுபிடிப்பது எப்படி?

(தொடரும்)