கலப்பின விதை மறுபோகத்தில் மாறுவதேன்?

பொதியில் வாங்கிய கலப்பினத் தக்காளி விதையை நாட்டிய கமக்காரர், முதற்போகத்தில் ஒரே அளவும் ஒரே நிறமும் உள்ள காய்களைப் பெறுகின்றார். அவற்றுள் நல்லனவற்றைத் தெரிந்து விதையெடுத்து மறுபோகத்தில் நாட்டினால், ஒரு செடி உயர்ந்தும் மற்றொன்று குட்டையாகவும், காய்கள் பலவாறாகவும் இருக்கக் காண்கின்றார். நிலமும் பசளையும் முன்போன்றவையே. ஆயினும், அவரே பல போகமாக வைத்துவரும் விதைநெல் இவ்வாறு மாறுவதில்லை. இவ்விரண்டிற்கும் காரணம் நிறமூர்த்தங்களின் கணக்கேயாகும்.

இருமடியமும் ஒருமடியமும்

பயிரின் வேர், தண்டு, இலை யாவும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய கலங்களால் ஆனவை. ஒவ்வொரு கலத்தின் கருவினுள்ளும் நூலிழை போன்ற நிறமூர்த்தங்கள் உள்ளன. பயிரின் உயரம், காயின் நிறம், நோயைத் தாங்கும் வலிமை முதலிய இயல்புகள் இவற்றின் வழியாகவே தலைமுறை தலைமுறையாகச் செல்கின்றன. நெல், தக்காளி, மிளகாய், கத்தரி ஆகியவற்றின் நிறமூர்த்தத் தொகை 24, வெங்காயத்தில் 16, சோளத்தில் 20.

நெல்லின் 24 நிறமூர்த்தங்களும் 12 சோடிகளாகும். ஒவ்வொரு சோடியிலும் ஒன்று மகரந்தத்தின் வழியாகவும், மற்றது சூல்வித்திலுள்ள முட்டைக் கலத்தின் வழியாகவும் வந்தது. இவ்வாறு சோடிகளைக் கொண்ட கலம் இருமடியக் கலம் எனப்படும். பூவில் மகரந்தமும் முட்டைக் கலமும் உண்டாகும்போது சோடிகள் பிரிந்து, சோடிக்கு ஒன்றாக 12 மாத்திரமே செல்லும். இப்பாதித் தொகையுடையது ஒருமடியக் கலமாகும். இரு பாதிகளும் சேர, மீண்டும் 24 ஆகிப் புதிய விதை பிறக்கின்றது.

கலப்பினம் மாறும் வகை

கலப்பினச் செடியின் பெற்றோர் இருவேறு வர்க்கங்களாதலால், அதன் சோடிகளின் இரு பங்கும் பல வகையில் வேறுபட்டவை. அச்செடி பூக்கும்போது ஒவ்வொரு சோடியிலும் எப்பங்கு செல்லும் என்பது பூவா தலையா எனக் காசைச் சுண்டுவது போன்றது. 12 சோடிகளுக்கும் கணக்கிட்டால் 4,096 வகையான மகரந்தம் உண்டாகலாம். முட்டைக் கலமும் அவ்வாறே. ஆகவே மறுபோகத்துச் செடிகள் ஒன்றுபோல் ஒன்று இரா.

நெல் மாறாத வகை

நெற்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டும். தலைமுறைதோறும் வேறுபாடுகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து, ஈற்றில் சோடியின் இரு பங்கும் ஒத்தனவாகிவிடும். அப்போது எப்பங்கு சென்றாலும் விளைவு ஒன்றே. முருங்கக்காயன் 302, மாஸ் ஆகிய இரு வர்க்கங்களைக் கலந்து 1950களில் பத்தலகொடையில் உருவாக்கப்பட்ட எச்-4 நெல், இவ்வாறு பல தலைமுறை தெரிந்தெடுக்கப்பட்டே நிலைபெற்றது.

இக்காலத்தைச் சுருக்கவும் வழியுண்டு. 1964இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் குஹா, மகேசுவரி ஆகியோர் ஊமத்தையின் மகரந்தக்கூட்டிலிருந்து ஒருமடியச் செடிகளைப் பெற்றனர். 1968இல் யப்பானில் நெல்லிலும் இது கைகூடியது. 12 நிறமூர்த்தங்களே உள்ள நெற்பயிர் சிறியது. சோடியின்மையால் மணி பிடிக்காது. ஆயினும் கொல்சிசீன் என்னும் பொருளால் அத்தொகையை இரட்டிக்கச் செய்தால், ஒவ்வொன்றும் தன்னை ஒத்த துணையைப் பெறும். பல தலைமுறை வேலை ஒரே தலைமுறையில் முடிவுறும்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. கலப்பினம் எனப் பொதியிற் குறிக்கப்பட்ட வர்க்கத்தின் காயிலிருந்து மறுபோகத்திற்கு விதையெடுத்தல் ஆகாது. விதை வைக்க விரும்புவோர் நிலைபெற்ற வர்க்கத்தையே நாட்ட வேண்டும்.

2. பூசணி, பாகல் முதலியவற்றில் தேனீக்கள் பிற செடிகளின் மகரந்தத்தைக் கொணரும். விதைக்கான செடிகளின் அருகே அதே பயிரின் வேறு வர்க்கத்தை நாட்டலாகாது.

3. விதைநெல்லுக்கு ஒதுக்கிய வயலில் கலவன் பயிர்களைப் பூக்குமுன்னும் அறுவடைக்கு முன்னும் பிடுங்குதல் வேண்டும். சூடடிக்கும் களத்திலும் சாக்கிலும் பிறநெல் கலவாது காத்தல் வேண்டும்.

4. உருளைக்கிழங்கு கிழங்கினால் நடப்படுவதால் அதில் சோடிகள் பிரிவதில்லை. தாயின் இயல்பு அவ்வாறே தொடரும். ஆனால் தாயின் நச்சுயிரி நோயும் தொடருமாதலால், நோயற்ற விதைக்கிழங்கையே தெரிதல் வேண்டும்.

நல்ல காயெல்லாம் நல்ல விதை தருவதில்லை. விதையெடுக்குமுன் அதன் பெற்றோர் யாவர் என அறிதலே கமக்காரர் ஒரு போகத்தின் உழைப்பைக் காக்கும் வழியாகும்.