திரும்புவதும் நிற்பதும்

2020ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி, அமெரிக்காவிலும் வேறு பல தேசங்களிலும் உள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், டீன் கேமன் 1989இல் தோற்றுவித்த ஃபர்ஸ்ட் என்னும் ஸ்தாபனம் நடத்தும் ரோபோப் போட்டிக்கு அவ்வருஷம் என்ன பணி விதிக்கப்பட்டிருக்கிறது என்று அறிந்துகொண்டபோது, அவர்கள் முன் நின்றது பார்வைக்கு எளியதாயும் ஆராயுந்தோறும் கடினமாயும் உள்ள ஒரு காரியம். 7 அங்குல விட்டமுள்ள மஞ்சள் நிற நுரைப்பந்துகளை, தரைக்கு மேல் இரண்டரை மீட்டர் உயரத்தில் மையம் கொண்ட அறுகோண வாயிலுக்குள் ரோபோ எறிய வேண்டியிருந்தது. அவ்வாயிலுக்கு முக்கால் மீட்டர் பின்னால், 13 அங்குல அகலத்தில் வட்டமான துவாரம் ஒன்று இருந்தது. பந்து அதனுள்ளும் புகுந்துவிட்டால் இரண்டு புள்ளிக்குப் பதில் மூன்று கிடைத்தது. ஒரு கட்சிக்கு மூன்று ரோபோக்கள் வீதம் ஆடிய ஆட்டம் ஒவ்வொன்றும் இரண்டரை நிமிஷத்தில் முடிந்தது. அதிலும் முதல் 15 விநாடி, மனிதர் கை படாமல் யந்திரம் தானே இயங்க வேண்டியிருந்த காலம்.

அந்தத் துவாரத்தின் அகலம் 33 சென்டிமீட்டர், பந்தின் அகலம் 18 சென்டிமீட்டர். ஆகவே இருபுறமும் மிஞ்சுவது ஏழரைச் சென்டிமீட்டர்தான். ஆறு மீட்டர் தூரத்திலிருந்து எறியும் யந்திரத்துக்கு அந்த ஏழரைச் சென்டிமீட்டர், கோணக் கணக்கில், ஒரு பாகையின் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. பேட்டரியும் சுற்றுமெத்தையும் நீங்கலாக அவ்வருஷம் 125 பவுண்டு வரை எடை அனுமதிக்கப்பட்ட ஒரு ரோபோ, கம்பளத்தின்மேல் சக்கரங்கள் சறுக்க, எதிர்க்கட்சியின் ரோபோ பக்கவாட்டில் வந்து மோதிக்கொண்டிருக்க, தன் முழு உடலையும் அத்தனை நுட்பமாகத் திருப்பி நிறுத்துவது பெரும் பிரயாசை. உடல் எங்கே திரும்பினாலும் திரும்பட்டும், பந்தை எறியும் கருவி மாத்திரம் இலக்கைவிட்டு அகலாதிருக்கட்டும் என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததே, மாணவர்கள் டரட் என்று வழங்கும் சுழல்பீடம்.

இதை வரையத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் மோட்டாரையும் பல்சக்கரத்தையும் முதலில் எண்ணுகிறார்கள். நடுவிலுள்ள வெற்றிடத்தைத்தான் முதலில் எண்ண வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பந்து ரோபோவின் அடிவயிற்றிலிருந்து மேலேறி எறியும் கருவியை அடைய வேண்டும். கருவியோ எந்தத் திசையையும் நோக்கியிருக்கக்கூடும். எத்திசைக்கும் பொதுவாயிருப்பது சுழற்சியின் அச்சு ஒன்றே. ஆதலின் பந்து அச்சின் வழியே ஏறுவதுதான் சிறந்த உபாயம், அச்சோ பந்து நுழையும் அளவுக்குத் துளைபட்டிருக்க வேண்டும். ஏழு அங்குலப் பந்துக்குப் பத்து அங்குல வளையம் போதுமென்றால், 2022ஆம் ஆண்டுப் போட்டியில் பந்து ஒன்பதரை அங்குலமானபோது அவ்வளையத்தை இன்னும் பெருக்க நேர்ந்தது. பேரிங், பல்சக்கரம், தாங்கு தகடு எல்லாம் அதனுடன் பெருத்தன.

இத்தனை பெரிய வளையத்தைத் தாங்குவதற்குச் சாப்பாட்டு மேஜை நடுவில் சுழலும் தட்டின் அடியில் வைக்கும் மெல்லிய தகரப் பேரிங்கை வாங்கிப் பொருத்துகிறவர்கள் உண்டு. விலை குறைவு, ஆனால் பக்கவாட்டில் ஆட்டம் கொடுக்கும். மெல்லிய வளைய வடிவில் விசேஷமாகச் செய்த பேரிங் உறுதியானது, விலைதான் அதிகம். மூன்றாவது வழி, வட்டமாக வெட்டிய தகட்டின் விளிம்பைச் சுற்றிலும் பள்ளமுள்ள சிறு உருளைகளை நிறுத்தி, விளிம்பு அவற்றின் பள்ளத்தில் ஓடும்படி அமைப்பது. பள்ளிக்கூடப் பட்டறையிலேயே செய்துகொள்ளவும், தேய்ந்த உருளையை மாத்திரம் மாற்றிக்கொள்ளவும் இடந்தருவதால் இந்த மூன்றாவதே எனக்குப் பிடித்தமானது.

வேகத்தின் கணக்கு நேரானது. சுமையில்லாத நிலையில் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5,700 சுற்றுச் சுற்றும் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொண்டு, முதலில் ஒன்பதுக்கு ஒன்றாகக் குறைத்து, பின் 20 பல் கொண்ட சிறு சக்கரத்தால் 200 பல் கொண்ட பெருவளையத்தைத் திருப்பினால், மொத்தம் தொண்ணூறுக்கு ஒன்றாகக் குறைந்து, பீடம் விநாடிக்கு ஒரு சுற்றை ஒட்டிய வேகத்தில் திரும்பும். வேண்டிய வேகம் இதுவே. இதற்கு மேல் திருப்புவதில் லாபம் குறைவு. அச்சிலிருந்து இருமடங்கு தூரத்தில் வைத்த பாரம், திரும்பவும் நிற்கவும் நான்கு மடங்கு எதிர்ப்புக் காட்டும் என்ற இயற்கை விதியை நினைந்து, கனமான மோட்டார்களை எல்லாம் மையத்தை ஒட்டிப் பொருத்துகிறவன் பின்னால் பல துன்பங்களிலிருந்து தப்புகிறான்.

ஏனெனில் துன்பம் முழுவதும் நிறுத்துவதில் இருக்கிறது. ஊர் கூடி வடம் பிடித்துத் தேரை நகர்த்திவிடலாம். அது நிலைக்கு வந்து நிற்பது முட்டுக்கட்டை போடுகிறவனின் சாமர்த்தியம். யுத்தக் கப்பல்களின் சரித்திரத்திலும் இதற்குச் சான்று உண்டு. ஜான் எரிக்ஸன் வகுத்த மானிட்டர் என்னும் கப்பல், நீராவியால் சுழலும் பீரங்கிக் கூண்டைத் தாங்கி, 1862 மார்ச் 9ஆம் தேதி ஹாம்ப்டன் ரோட்ஸில் போரிட்டபோது, கூண்டைச் சுழலச் செய்வதைவிட வேண்டிய இடத்தில் நிறுத்துவது கடினமாயிருந்தது. ஆகவே பீரங்கியை இயக்கியவர்கள் கூண்டு சுழன்றுகொண்டிருக்கும்போதே, இலக்கு எதிரே வரும் தருணம் பார்த்துச் சுட நேர்ந்தது. இன்றைய மாணவர்கள் வேகத்தைப் படிப்படியாக ஏற்றிப் படிப்படியாக இறக்கும் மென்பொருளால் இதைச் சமாளிக்கிறார்கள். எனினும் சிறு சக்கரத்தின் பல்லுக்கும் பெருவளையத்தின் பல்லுக்கும் இடையே உள்ள தளர்வை எந்த மென்பொருளும் முற்றிலும் நீக்கிவிடாது. கோணத்தை மோட்டாரின் தண்டில் அளந்தால் அந்தத் தளர்வு அளவிலேயே தெரியாமல் போய்விடுகிறது. வளையத்தையே நேராக அளக்க வேண்டும்.

இங்கேதான், என் மனத்துக்கு, இந்த யந்திரத்தின் மிக அழகிய பகுதி தொடங்குகிறது. மின்சாரம் பாய்ந்த முதற்கணத்தில் பீடம் எத்திசையை நோக்கி நிற்கிறது என்பதை அது எங்ஙனம் அறியும்? ஒரு சுற்றுக்குள் தன் கோணத்தைத் தவறாமல் சொல்லும் என்கோடர் என்னும் அளவுகருவி உண்டு. ஆனால் அதை 19 பல் கொண்ட சிறு சக்கரத்தில் பூட்டி வளையத்தோடு கோத்தால், வளையம் ஒரு சுற்று வருவதற்குள் அது பத்து முறைக்கு மேல் சுற்றிவிடும். எத்தனையாவது சுற்றில் நிற்கிறது என்பதை அதனால் சொல்ல முடியாது. அதற்குத் துணையாக 21 பல் கொண்ட சக்கரத்தில் இன்னொரு என்கோடரைப் பூட்டுகிறார்கள். முதலாவது 17ஆம் பல்லையும் இரண்டாவது 5ஆம் பல்லையும் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். 19ஆல் வகுக்க 17ம், 21ஆல் வகுக்க 5ம் மிஞ்சும் எண் எது என்று கேட்டால், 399க்கு உட்பட்டு விடை ஒன்றே உண்டு, அது 131. பீடம் தன் தொடக்க எல்லையிலிருந்து 131 பல் தூரம், அதாவது ஏறத்தாழ 236 பாகை, திரும்பி நிற்கிறது என்று அக்கணமே தெரிந்துவிடுகிறது. 19க்கும் 21க்கும் ஒன்றைத் தவிரப் பொது வகுஎண் இல்லாமையே இதன் ரகசியம். கி.பி. 499இல் இயற்றிய ஆரியபடீயத்தின் கணிதபாதத்தில், பிற்காலத்தார் குட்டகம் என்று பெயரிட்ட முறையால், ஆரியபடர் விடை கண்ட கணக்கின் ஜாதி இதுவே. கிரகங்களின் சுற்றுக்களை எண்ணிக் காலம் நிர்ணயிக்கப் பயன்பட்ட அந்த முறை, பந்து எறியும் ரோபோவுக்குத் திசை காட்டப் பயன்படுவதைக் காணும் மாணவன், வகுப்பறைக் கணிதத்தை அதன் பின் வேறு கண்ணோடு பார்ப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பீடத்தின் மேலுள்ள மோட்டார்களுக்குக் கீழிருந்து ஒயர்கள் செல்வதால் அது ஒரே திசையில் முடிவின்றிச் சுழல முடியாது; இருபுறமும் சற்றேறக்குறைய 200 பாகை என்று எல்லை வகுத்து, எல்லையை எட்டியதும் எதிர்ப்புறமாகச் சுற்றி மீண்டும் இலக்கைப் பிடிக்கும்படி செய்கிறார்கள். எல்லையில் இரும்புத் தடை ஒன்றும் அவசியம்.

கேமராவின் விஷயம் இன்னும் சூக்ஷ்மமானது. அறுகோண வாயிலின் கீழ்ப்பாதியைச் சுற்றி ஒட்டிய பிரதிபலிப்பு நாடா, கேமராவோடு பொருத்திய பச்சை விளக்கின் ஒளியைத் திருப்பி அனுப்ப, அந்த ஒளிக்கோட்டை வைத்து இலக்கு எங்கே என்று ரோபோ கணக்கிட்டது. ஆனால் படம் எடுத்து, கணக்கிட்டு, விடை வந்து சேர்வதற்குள் சிறிது அவகாசம் கழிந்துவிடுகிறது. அந்த அவகாசம் விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கே என்றாலும், ரோபோ விநாடிக்கு 180 பாகை வீதம் திரும்பிக்கொண்டிருக்குமானால், விடை வரும்போது அது ஏழு பாகைக்கு மேல் பழசாகிவிட்டது; நமக்குள்ள அனுமதியோ முக்கால் பாகை. ஆகவே உடலின் திருப்பத்தை அளக்கும் ஜைரோ சொல்வதை உடனுக்குடன் கேட்டு, உடல் வலப்புறம் எத்தனை வேகத்தில் திரும்புகிறதோ அத்தனை வேகத்தில் பீடத்தை இடப்புறம் திருப்பி, கேமராவின் பழைய செய்தியைத் திருத்தத்துக்கு மாத்திரம் வைத்துக்கொள்வது தேர்ந்த குழுக்களின் வழக்கம். ஓடிக்கொண்டே எறிய விரும்பினால், ரோபோவின் வேகத்தையும் பந்து உடன் கொண்டு போகும் ஆதலால், இலக்கைவிட்டுச் சற்று விலக்கியே குறிபார்க்க வேண்டும்.

இத்தனையும் சொன்ன பின், எல்லாக் குழுக்களும் சுழல்பீடம் செய்ய வேண்டும் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே திசை மாறும் ஸ்வெர்வ் என்னும் ஓட்டமைப்பு பரவிய பிறகு, உடலை ஒரு திசையில் நகர்த்திக்கொண்டே வேறு திசையில் திருப்புவது சாத்தியமாகிவிட்டதனால், பீடமின்றியே நன்றாகக் குறிபார்க்கும் ரோபோக்கள் பல வந்துள்ளன. பீடம் உயரத்தில் பாரத்தைச் சேர்க்கிறது. மென்பொருள் எழுதுகிறவர்களின் நேரத்தை, பரீட்சித்துப் பார்க்க மிஞ்சியிருக்கும் நாட்களை எல்லாம் விழுங்குகிறது. ஆள்பலம் குறைந்த ஒரு பள்ளி, அசையாத கருவி ஒன்றைச் செம்மையாகச் செய்து களத்துக்கு வருவதே மேல் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். துணிந்து செய்கிறவர்களும், பீடத்தின் தகட்டிலும் அதன் அடித்தகட்டிலும் ஒன்றுக்கு நேர் ஒன்றாக இரு துளைகளை முதல் வரைபடத்திலேயே இட்டுவைப்பது நலம். ஆட்ட நாளில் என்கோடரோ ஒயரோ கெட்டுப் போனால், அத்துளைகளில் ஓர் ஆணியைச் செருகிப் பீடத்தை முன்னோக்கிப் பூட்டிவிட்டு, அடுத்த ஆட்டத்தில் உடலைத் திருப்பியேனும் பந்தெறியலாம்.